சிபிஎல் நைட் ஃப்ளையிங்: பாக்கி இருக்கும் மணி நேரத்தை எப்படி முடிப்பது?

கோத்தகிரி_172:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. வட மாநிலம் ஒன்றில் இருக்கும் பயிற்சிப் பள்ளியில் சிபிஎல்லுக்காக (கமர்ஷியல் பைலட் உரிமம்) பறந்துகொண்டிருக்கிறேன், இப்போது லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பகல் வேலை எல்லாம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. எழுத்துத் தேர்வுகள் பாஸ், 300 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறக்கும் நீண்ட பயணம்) முடிந்தது, 200 மணி நேரத்தைத் தொடக் கொஞ்சம்தான் பாக்கி. இடிப்பது நைட் மட்டும்.

எங்கள் பள்ளி ஓடுதளத்தில் விளக்கு கிடையாது. இரவில் பறக்க வேண்டுமென்றால் சாயங்காலமே விமானத்தைப் பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே டவர் நேரத்தை நீட்டித்துத் தர வேண்டும், வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். இத்தனையும் கூடி வரும் நாளில் ஒரே விமானத்துக்கு ஒரு பட்டாளமே வரிசையில் நிற்கிறது. போன வருடம் இன்ஸ்ட்ரக்டருடன் கொஞ்சம், தனியாகக் கொஞ்சம் பறந்தேன். அப்புறம் பனிமூட்டம் வந்தது, அது விலகியதும் விமானம் மெயின்டனன்ஸுக்குப் போனது, அப்படியே நின்றுவிட்டது.

கேட்க நினைப்பது இதுதான். போன வருடம் பறந்த நைட் இப்போது கணக்கில் வருமா, வராதா? 5 மணி நேரம் என்கிறார்களே, அதில் டூயலும், அதாவது இன்ஸ்ட்ரக்டருடன் பறந்ததும், சேருமா? ராத்திரி கிராஸ் கன்ட்ரி எவ்வளவு தூரம் போக வேண்டும்? எங்கள் பள்ளியில் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள்.

இன்னொன்று. ஒரு சீனியர், "ஐந்து மணி நேரம்தானே, மீதியைப் புத்தகத்தில் எழுதிக்கொள், எல்லோரும் செய்வதுதான்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அப்பா சிறு தேயிலை விவசாயி, நிலத்தை வைத்துத்தான் கடன் வாங்கியிருக்கிறார், பச்சைத் தேயிலை விலை எப்படி இருக்கிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மாதா மாதம் வட்டி ஓடுகிறது. அதனால் கேட்கிறேன், நிஜமாகவே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களா?

கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் ராத்திரியில் மேட்டுப்பாளையம் விளக்கு, அதற்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர் வெளிச்சம் எல்லாம் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் நைட் எனக்குச் சுலபமாக வரும் என்று நினைத்தேன். ஆனால் இறங்க வரும்போது ஒவ்வொரு தடவையும் நான் ரொம்ப உயரத்தில் இருப்பது போலவே தோன்றியது, இன்ஸ்ட்ரக்டர் "கீழே போகாதே, கீழே போகாதே" என்று கத்திக்கொண்டே இருந்தார். இது எல்லோருக்கும் வருவதா, இல்லை எனக்குக் கண்ணில் ஏதாவது கோளாறா?


குன்னூர்_பயிற்றுநர்:

வணக்கம்மா. நீண்ட காலம் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது குன்னூரில் இருக்கிறேன். புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எழுதாதே. பறக்காத நேரத்தை லாக்புக்கில் ஏற்றுவதற்கு நம் தொழிலில் பார்க்கர் பேனா மணி என்று பேரே உண்டு, அவ்வளவு பழைய வியாதி அது. எல்லோரும் செய்வதில்லை. செய்தவர்கள் உரிமம் வாங்கி வேலைக்குப் போன பிறகும் மாட்டியிருக்கிறார்கள். 2011-ல் போலி ஆவணம் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதான செய்தியைத் தேடிப் படித்துப் பார். லாக்புக்கில் உன் கையெழுத்தும் பள்ளியின் முத்திரையும் இருந்தால் போதும் என்று அந்த சீனியர் நினைக்கிறார். விமானத்துக்கென்று தனி லாக் இருக்கிறது, பள்ளியில் ஆதரைசேஷன் புத்தகம் இருக்கிறது, டவரில் ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கும் பதிவு இருக்கிறது, பெட்ரோல் கணக்கு இருக்கிறது. அன்று ராத்திரி டவரே திறக்கவில்லை என்றால் நீ எங்கிருந்து கிளம்பினாய்? கேட்பவர் இன்று கேட்காமல் பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அந்த வரி அங்கேயேதான் இருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம், அந்த 5 மணி நேரம்தான் இருட்டில் நீ தனியாக இருக்கப் போகும் நேரம். ஏர்லைனுக்குப் போன பிறகு பாதி வாழ்க்கை ராத்திரியில்தான், ஆனால் பக்கத்தில் ஒருவர் இருப்பார், நீளமான ஓடுதளம் இருக்கும், வழிகாட்ட கருவிகள் இருக்கும். உன் கண் உன்னை எப்படி ஏமாற்றுகிறது என்று தனியாக உட்கார்ந்து தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இது ஒன்றுதான்.

சரி, விதிக்கு வருவோம். 1937 விமான விதிகளின் இரண்டாம் அட்டவணையில் ஜே பிரிவு சிபிஎல்லுக்கானது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றாயே, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தளத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து அச்சடித்து லாக்புக்குடன் சேர்த்து வைத்துக்கொள். விதியில் இருப்பது, இரவில் குறைந்தது 5 மணி நேரம், அதற்குள் குறைந்தது 10 டேக்-ஆஃபும் 10 லேண்டிங்கும் நீ பிஐசியாக (விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக), பயணிகள் யாரும் இல்லாமல். இது விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். இந்த ஆறு மாதம்தான் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. ஆறு மாதத்தை நீ நைட் ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, விண்ணப்பம் போடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

உன் போன வருடத்து நைட் வீண் இல்லை, மொத்த 200 மணி நேரத்தில் அது சேரும். ஆனால் நைட் என்ற வரிக்கு அதை நம்பாதே. நான் என் மாணவர்களுக்குச் சொன்னது, 5 மணி நேரம் முழுவதையும், பத்து லேண்டிங்கையும் சேர்த்து, கடைசி ஆறு மாதத்துக்குள் வைத்துவிடு, ஒருவரும் கேள்வி கேட்க இடம் இருக்காது. டூயலில் பறந்தது பிஐசி லேண்டிங்காக ஆகாது, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆறு மாதக் கணக்கு நைட்டுக்கு மட்டும் இல்லை என்பதையும் கவனி. 100 மணி நேர பிஐசியில் குறைந்தது 15 மணி நேரம் அதே ஆறு மாதத்தில் இருக்க வேண்டும். ஸ்கில் டெஸ்டுகளும் அதே ஆறு மாதத்துக்குள். பகல் ஜெனரல் ஃப்ளையிங் டெஸ்ட், இரவு ஜெனரல் ஃப்ளையிங் டெஸ்ட், பகல் கிராஸ் கன்ட்ரி டெஸ்ட் 250 நாட்டிகல் மைல், இரவு கிராஸ் கன்ட்ரி டெஸ்ட் 120 நாட்டிகல் மைல். இரவு டெஸ்டில் வேறு எங்கும் இறங்காமல் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். பகல் டெஸ்டை முதலில் முடித்துவிட்டு நைட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, நைட் முடியும்போது பகல் டெஸ்டின் தேதி காலாவதியாகி, மறுபடி பணம் கட்டிப் பறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உன் சிஎஃப்ஐயிடம் (தலைமைப் பயிற்றுநர்) உட்கார்ந்து பேசி நைட் ஸ்லாட் உறுதியான பிறகு மற்ற டெஸ்டுகளை அதைச் சுற்றி வை. இதைக் கறாராகக் கேள்ம்மா. நீ காசு கட்டிப் படிக்கிறாய்.

கண் விஷயத்தை இளையவர்கள் யாராவது சொல்லட்டும், சமீபத்தில் அனுபவித்தவர்கள் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.


ரன்வே23:

தங்கச்சி, நான் மேட்டுப்பாளையம், இப்போது ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசர். சார் சொன்ன ஆறு மாதக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள், என் பேட்ச்சில் பாதிப் பேர் அங்கேதான் மாட்டினார்கள்.

நீ ரொம்ப உயரத்தில் இருப்பது போலத் தோன்றுவது எல்லோருக்கும் வருவது. கண்ணில் கோளாறு இல்லை, கிளாஸ் 1 மெடிக்கல் பாஸ் ஆகியிருக்கிறாய் அல்லவா. பகலில் இறங்கும்போது ஓடுதளத்தை மட்டும் பார்ப்பதாக நினைக்கிறோம், உண்மையில் சுற்றியுள்ள மரம், வீடு, ரோடு, வயல் எல்லாவற்றையும் வைத்துத்தான் மூளை உயரத்தைக் கணக்குப் போடுகிறது. ராத்திரியில் அது எதுவும் இல்லை. இருட்டுக்கு நடுவில் இரண்டு வரிசை விளக்கு மட்டும் மிதக்கிறது. உடனே மூளை "நீ மேலே இருக்கிறாய், இறங்கு" என்கிறது, கை தானாக மூக்கைக் கீழே தள்ளுகிறது. பிளாக் ஹோல் அப்ரோச் என்று இதற்குப் பேர், அனுபவசாலிகளும் இதில் ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரையைத் தொட்டிருக்கிறார்கள். உன் இன்ஸ்ட்ரக்டர் கத்தியதற்குக் காரணம் அதுதான்.

மருந்து பாப்பி விளக்கு, அதாவது ஓடுதளத்தின் பக்கத்தில் இருந்து இறங்கும் சரிவைக் காட்டும் விளக்கு வரிசை. நாலு விளக்கில் இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவில், சாதாரணமாக 3 டிகிரியில், வருகிறாய். நாலும் வெள்ளை என்றால் நிஜமாகவே உயரம். மூன்று சிவப்பு வந்தாலே பவர் கொடு, நாலும் சிவப்பு வரும்வரை யோசித்துக்கொண்டிருக்காதே. "எனக்கு உயரமாகத் தோன்றுகிறது" என்பதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாப்பியையும் ஆல்டிமீட்டரையும் நம்பு. பாப்பி இல்லாத இடமாக இருந்தால் ஃபைனலுக்கு (ஓடுதளத்துக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டம்) திரும்பும்போது எவ்வளவு உயரம், பாதி ஃபைனலில் எவ்வளவு உயரம் என்று பகலிலேயே அதே ஓடுதளத்தில் பறந்து குறித்துக்கொண்டு வா. நான் அப்படித்தான் செய்தேன், ராத்திரியில் அந்த எண்கள் கைப்பிடிச் சுவர் மாதிரி இருந்தது.

ஃப்ளேர் செய்யும்போது (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும்போது) லேண்டிங் லைட் அடிக்கும் துண்டு வெளிச்சத்தையே முறைத்துப் பார்க்காதே, அதைப் பார்த்தால் தரை திடீரென்று மேலே வருவது போலிருக்கும், சீக்கிரமாக இழுத்துவிடுவாய், விமானம் மேலேயே நின்று தொப்பென்று விழும். ஓடுதளத்தின் கடைசி வரை பார்வையை ஓட விடு. இரண்டு பக்க விளக்கு வரிசையும் தட்டையாகிக் கண் மட்டத்துக்கு எழும்பி வருவது போலத் தெரியும், அந்த நேரம்தான். சில இன்ஸ்ட்ரக்டர்கள் லேண்டிங் லைட்டை அணைத்துவிட்டும் இறங்கச் சொல்வார்கள், உன்னுடையவர் சொல்லாவிட்டால் டூயலில் நீயே கேட்டு வாங்கு. பல்பு என்றைக்கு ஃபியூஸ் ஆகும் என்று சொல்ல முடியாது.

லைட் நிறங்கள் உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் ராத்திரி டாக்ஸி செய்யும்போது குழம்பும். ஓடுதள ஓரம் வெள்ளை, தொடக்கம் பச்சை, முடிவு சிவப்பு, டாக்ஸிவே ஓரம் நீலம். நீலக் கடலுக்குள் திரும்பும் இடத்தைத் தவறவிடுவது ரொம்பச் சுலபம். மெதுவாகப் போ, நடந்து போகும் வேகம் போதும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செஸ்னா 152-லோ 172-லோ ஒரு சர்க்யூட், அதாவது கிளம்பி ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்குவது, ஆறேழு நிமிடம். பத்து லேண்டிங் என்பது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான். 120 நாட்டிகல் மைல் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். ஆக விமானமும் டவரும் கிடைத்துவிட்டால் மொத்த நைட்டையும் நாலைந்து இரவில் முடிக்கலாம். பள்ளியிடம் "எனக்கு நைட் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதே. நாலைந்து பேர் சேர்ந்து, அடுத்தடுத்த இரவுகள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். விமானத்தைப் பக்கத்து ஊரிலேயே நிறுத்திவைத்து ஒரு வாரம் தொடர்ந்து பறந்தால் அவர்களுக்கும் மிச்சம்.


கோத்தகிரி_172:

சார், அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எழுதிக்கொள்ளும் பேச்சை இத்தோடு விட்டுவிட்டேன், அப்பாவிடமும் சொன்னேன், அவர் "வட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஒழுங்காகப் பறந்துவிட்டு வா" என்றார். பாப்பி பற்றிப் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன், ஆனால் என் கை ஏன் கீழே தள்ளியது என்று இப்போதுதான் புரிகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. ராத்திரி கிராஸ் கன்ட்ரிக்குப் பாதை எப்படித் தேர்ந்தெடுப்பது? எந்த மாதத்தில் வைத்துக்கொண்டால் நல்லது?


பழனிமலை_அக்கா:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். நான் அமெரிக்காவில் பறந்து அங்கே கமர்ஷியல் வாங்கி வந்து இங்கே மாற்றினேன். அங்கே கணக்கு வேறு. பிரைவேட் உரிமத்துக்கே 3 மணி நேர நைட் டிரெய்னிங், 10 லேண்டிங் முழுதாக நின்று, 100 நாட்டிகல் மைலுக்கு மேல் ஒரு இரவுக் கிராஸ் கன்ட்ரி எல்லாம் வந்துவிடும். கமர்ஷியலுக்கு டவர் இயங்கும் விமான நிலையத்தில் 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங்குடன் 5 மணி நேரம் தனியாக, அதற்கு மேல் இன்ஸ்ட்ரக்டருடன் 2 மணி நேர இரவுக் கிராஸ் கன்ட்ரி ஒன்று. ஆக அங்கே மாணவர் இரண்டு கட்டமாக இருட்டுக்குப் பழகுகிறார். இங்கே எல்லாம் கடைசியில் ஒரே மூட்டையாக வருகிறது, அதனால்தான் இத்தனை நெருக்கடி. பகல் பயிற்சியின் நடுவிலேயே ஒரு இரவு டூயல் கொடுத்துவிட்டால் பாதிப் பயம் அப்போதே போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

பாதைக்கு வருகிறேன். நீ மலையில் வளர்ந்தவள், அதனால் உனக்கு இது சட்டென்று பிடிபடும். அமாவாசை இரவில் கோயம்புத்தூர் பக்கத்துச் சமவெளியிலிருந்து நீலகிரியைப் பார்த்திருக்கிறாயா? மலை தெரியாது. குன்னூர், கோத்தகிரி விளக்குகள் மட்டும் ஆகாயத்தில் தொங்கும், அதற்கு மேலே நட்சத்திரம், எது எஸ்டேட் விளக்கு எது நட்சத்திரம் என்று பிரிக்க முடியாது. விமானத்தில் இருப்பவர் அந்தச் சரிந்த விளக்கு வரிசையைத் தொடுவானம் என்று எடுத்துக்கொண்டால் இறக்கையையும் அதற்கேற்பச் சரித்துவிடுவார். ஆகவே செக்ஷனல் மேப்பில் பாதை போடும்போது மலையை ஒட்டிப் போகாமல் விலகி, நெடுஞ்சாலையும் ஊர்களும் உள்ள பக்கமாகப் போட வேண்டும்.

பயிற்சிக்காகக் காகிதத்தில் போட்டுப் பார். கோயம்புத்தூரிலிருந்து நேர் கிழக்கே கரூர் சுமார் 60 நாட்டிகல் மைல், போய் இறங்காமல் திரும்பினால் 120 தாண்டும். வழி முழுக்கச் சமவெளி, பல்லடம், காங்கயம் என்று விளக்குக் கொத்துகள். நிஜத்தில் போக சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் அவர்கள் அனுமதி முதல் எத்தனையோ உண்டு, அது வேறு கதை. இதையே வடக்கே திருப்பிப் பார், தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடிக்குச் சற்று மேல், அதற்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டுமென்றால் ஒரு 172 அங்கே இருட்டில் மூச்சுத் திணறி ஏறிக்கொண்டிருக்கும். உன் பள்ளி இருக்கும் ஊரிலும் இதே கண்ணோடு மேப்பைப் பார். ஒற்றை எஞ்சின் விமானம், ராத்திரியில் எஞ்சின் நின்றால் கீழே வயலா பாறையா என்று தெரியாது. விளக்குள்ள விமான நிலையங்கள் எத்தனை தூரத்தில் இருக்கின்றன என்பதைப் பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதிவை, கூடுமானவரை உயரமாகப் பற.

இரவில் மேகம் தெரியாது என்பதை மறக்காதே. இங்கே கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் பெரியகுளம் பக்கத்து விளக்குகள் தெரியும், மூடுபனி ஏறும்போது பனியைக் கண்ணால் பார்க்க முடியாது, விளக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதுதான் தெரியும். விமானத்திலும் அதேதான். முன்னால் இருந்த ஊர் விளக்குகள் அணைந்துகொண்டே வந்தால் உனக்கும் அவற்றுக்கும் நடுவில் மேகமோ மலையோ இருக்கிறது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து நேராகப் போகாதே, உடனே திரும்பு. விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிய ஆரம்பித்தாலும் ஈரம் கூடுகிறது என்று அர்த்தம்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு தடவை செல்போன் வெளிச்சம் பட்டால் திரும்ப முதலிலிருந்து. பிரீஃபிங் அறையில் டியூப்லைட் கீழே உட்கார்ந்திருந்துவிட்டு ஓடிப்போய் ஏறாதே. கண்ணின் நடுப்பகுதியில் இருட்டில் வேலை செய்யும் செல்கள் இல்லை, அதனால் மங்கலான விளக்கை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும். ஒரே விளக்கை வெறித்துப் பார்த்தால் அது நகர்வது போலத் தோன்றும், நட்சத்திரத்தை விமானம் என்று நினைத்து விலகியவர்கள் உண்டு. காக்பிட்டுக்குச் சிவப்பு டார்ச் நல்லது, ஆனால் மேப்பில் சிவப்பு மையில் இருக்கும் எதுவும் அந்த வெளிச்சத்தில் தெரியாது, ஆகவே மங்கலான வெள்ளை டார்ச் ஒன்றும் கையில் இருக்கட்டும். ஆக்சிஜன் குறைவது முதலில் பாதிப்பது இரவுப் பார்வையைத்தான், 5,000 அடியிலேயே அது ஆரம்பித்துவிடும். ராத்திரியில் 5,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் வைத்துக்கொள்வது நல்லது என்று அமெரிக்காவில் சொல்லிக் கொடுத்தார்கள்.

எதிரே வரும் விமானத்தின் விளக்கையும் படிக்கப் பழகு. இடது இறக்கை சிவப்பு, வலது பச்சை, வால் வெள்ளை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அது உனக்கு முன்னால் வலமிருந்து இடமாகக் கடந்து போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் உன்னை நோக்கி வருகிறது. கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் விளக்குதான் ஆபத்தானது.


குன்னூர்_பயிற்றுநர்:

பழனிமலை அம்மா சொன்னதில் ஒரு வரியைக்கூட விடாதேம்மா. நான் சேர்ப்பது ஒன்று.

2021 டிசம்பர் 8 எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் காட்டேரிக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் புகுந்து, திசை நிலை உணர்வு தவறி மலையில் மோதியது என்றுதான் விசாரணை சொன்னது. அது நண்பகல். ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். பட்டப்பகலில் அவர்களுக்கே அப்படி ஆகுமென்றால், நிலா இல்லாத இரவில் புதிதாகப் பறக்கும் ஒருவருக்கு மேகம் கூட வேண்டாம், இருட்டே போதும்.

காதுக்குள் இருக்கும் திரவம்தான் நாம் சாய்கிறோமா நிமிர்கிறோமா என்று சொல்வது. மெதுவாகச் சாய்ந்து அப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அது அமைதியாகிவிடும், நேராகப் பறப்பதாகவே தோன்றும். நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வது போல இருக்கும், பழைய சாய்வுக்கே திரும்பப் போகச் சொல்லி உடம்பு கெஞ்சும். அந்த நேரத்தில் விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டரைப் பார்த்து, உடம்பு சொல்வதைக் கேட்காமல் கையை வைத்திருப்பதுதான் பயிற்சி. சிபிஎல்லுக்கு 10 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) கேட்கிறார்கள், அதில் 5 மணி வரை சிமுலேட்டரில் செய்யலாம். என்னைக் கேட்டால் நைட் ஆரம்பிக்கும் முந்தைய வாரத்தில் ஒரு இன்ஸ்ட்ருமென்ட் சார்ட்டி விமானத்திலேயே போய்விட்டு வா. டேக்-ஆஃப் ஆனதும் ஓடுதள விளக்கு பின்னால் போய்விடும், முன்னால் ஒன்றும் இருக்காது, அந்த நொடியிலிருந்து கருவிதான்.

மாதம் கேட்டாய். வடக்கே டிசம்பர், ஜனவரி பனிமூட்டம், ஜூனிலிருந்து செப்டம்பர் மழை. மிச்சம் இருப்பது பிப்ரவரி முதல் மே வரையும், மழை விட்ட பிறகு அக்டோபர், நவம்பரும். கோடையில் சாயங்காலப் புழுதிக் காற்றும் இடியும் வரும், அதைப் பார்த்துக்கொள். நீ தெற்கில் பறந்திருந்தால் ஜனவரி முதல் மார்ச் என்று சொல்லியிருப்பேன், இங்கே வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் சுத்தமாக இருக்கும் நேரம் அது. எங்கே ஆனாலும் சாயங்காலம் வெப்பநிலைக்கும் ட்யூ பாயின்ட்டுக்கும் (காற்றின் ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையே உள்ள வித்தியாசத்தைப் பார். அது இரண்டு மூன்று டிகிரிக்குள் சுருங்கிக்கொண்டே வந்தால் அன்று கிராஸ் கன்ட்ரி வேண்டாம், நீ திரும்புவதற்குள் ஓடுதளத்தைப் பனி மூடிவிடும். காலண்டரில் பௌர்ணமியையும் பார்த்துவை. நிலா வெளிச்சத்தில் முதல் கிராஸ் கன்ட்ரியை டூயலில் முடித்துவிட்டால் இருட்டு இரவு அப்புறம் தாங்கும்.


கோத்தகிரி_172:

ரொம்ப நன்றி சார், அக்கா, அண்ணா. திங்கட்கிழமை சிஎஃப்ஐக்குப் போன் போட்டு, இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, அண்ணா சொன்னபடி பிப்ரவரியில் தொடர்ச்சியாக இரவுகள் கேட்கப் போகிறேன். பகல் 250 டெஸ்டை அதற்குப் பிறகு தள்ளிவைக்கச் சொல்கிறேன். சார், ஒரே ஒரு சின்னச் சந்தேகம், சூரியன் மறைந்ததும் கிளம்பினால் அதை நைட் என்று எழுதலாமா? எங்கள் பள்ளியில் அப்படி எழுதுகிறார்கள்.


குன்னூர்_பயிற்றுநர்:

எழுதாதே. சிவில் ட்விலைட் என்ற அந்தி நேரம் முடிந்த பிறகு பறந்த நேரம்தான் நைட், நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகிவிடும். முன்னால் கிளம்பியிருந்தால் அந்தப் பகுதியைப் பகலில் போடு, மீதியை இரவில் போடு. 5 மணி என்று கச்சிதமாக நிறுத்தாமல் அரை மணி கூடவே பறந்துவை, யாராவது சரிபார்த்து ஒரு துண்டைக் கழித்தாலும் குறையாது. பத்து லேண்டிங்குக்குப் பதில் பன்னிரண்டு போடு. ஒவ்வொரு இரவு வரிக்கும் பக்கத்திலேயே அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தைப் பென்சிலில் குறித்துக்கொள், இ-ஜிசிஏவில் (டிஜிசிஏவின் இணைய விண்ணப்பத் தளம்) விண்ணப்பம் ஏற்றும் நாளில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.